கழுத்து நிமிர்ந்த நாள்

சுதாராணி கடம்பூர்க்காரி. வாழ்க்கைப்பட்டு வந்தது இடைசெவலுக்குத் தெற்கே, நாலுவழிச்சாலையை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிற ஒரு கரிசல் ஊருக்கு. வைகாசியில் கல்யாணம். வந்த புதுசில் அவளுக்கு விளங்காத சங்கதி ஒன்றே ஒன்றுதான். பொழுது சாய்ந்ததும் ஊர் இளவட்டம் மொத்தமும் கண்மாய்க்கரைப் பொட்டலில் ஹாக்கி மட்டையும் கையுமாக நிற்கும். அவள் புருசன் முத்துசெல்வம் மட்டும் இரண்டு காலிலும் தலையணை மாதிரி எதையோ கட்டிக்கொண்டு, மற்றவன் அடிக்கிற அடியை வாங்குவதற்கென்றே வலைக்கு முன்னால் நிற்பான்.

"எல்லாரும் பந்தை அடிக்காவ. நீங்க மட்டும் ஏன் அடி வாங்குதீங்க?"

"கோல்கீப்பர்னா அப்படித்தான் சுதா. நான் வாங்கலேன்னா வலை வாங்கும்" என்று சிரிப்பான் முத்துசெல்வம். சின்னக் கோபம்கூட வராத ஆள். அதனாலேயே வீட்டில் எந்த வேலையானாலும் அவன் தலையில்தான் விழும்.

கார்த்திகையில் மக்காச்சோளம் நெஞ்சளவுக்கு வளர்ந்து நின்றது. நல்ல மழை, நல்ல பயிர். ஆனால் குருத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே படைப்புழு சுருண்டு கிடந்தது. மாமனார் தங்கச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. ஏற்கெனவே ஒருதரம் மருந்து அடித்தாயிற்று, புழு அசரவில்லை.

"இந்தத் தடவை ரெண்டு மருந்தையும் ஒண்ணாக் கலந்து அடிலே. அளவெல்லாம் பாக்காத. கூடுதலாவே ஊத்து" என்றார் மகனிடம்.

மறுநாள் காலையிலேயே முத்துசெல்வம் முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு பயிருக்குள் இறங்கிவிட்டான். செருப்பில்லாத கால், மடித்துக் கட்டிய கைலி, பழைய பனியனுக்கு மேல் ஒரு சட்டை. டேங்கின் மூடி சரியாக உட்காராமல் கசிந்து முதுகெல்லாம் நனைந்தது. நெஞ்சளவுப் பயிருக்குள் அடிக்கிற மருந்து காற்றில் திரும்பி முகத்திலேயே அடித்தது. வெயிலுக்கு அது குளுகுளுவென்றுதான் இருந்ததாம். பிறகு அவனே சொன்னான்.

மதியச் சோறு கொண்டுபோன சுதாராணியைப் பார்த்ததும் அவன் வரப்பில் உட்கார்ந்தான். "மேகம் போட்டுட்டா சுதா? வெளிச்சமே இல்லையே" என்றான்.

வானத்தில் பொட்டு மேகமில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. வேர்வை தலையில் தண்ணீர் ஊற்றினாற்போல் ஓடியது, வாயில் எச்சில் நூலாக வடிந்தது. சோற்றுவாளியை அவள் கீழே வைப்பதற்குள் வாந்தி எடுத்துச் சாய்ந்தான். கையிலும் தொடையிலும் சதை தானாகத் துடித்தது.

அடுத்த காட்டில் நின்ற ராஜபாண்டி அவள் போட்ட கூப்பாட்டில் பைக்கோடு வந்துவிட்டான். அவன்தான் ஹாக்கி டீமுக்குக் கேப்டன், முத்துசெல்வத்துக்குச் சின்னவயசுச் சேக்காளி. "மதினி, பின்னால ஏறி அவனை இறுக்கிப் பிடிச்சுக்கோங்க!" என்றான். ஏறும்போது அவளுக்கு எப்படித்தான் தோன்றியதோ, வரப்பில் கிடந்த இரண்டு மருந்துப் பாட்டில்களையும் ஒரு பாலித்தீன் பையில் போட்டுச் சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

கோவில்பட்டியில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் டாக்டர் காளீஸ்வரி முதலில் கேட்டது அந்தப் பாட்டிலைத்தான். சின்ன வயசு டாக்டர், வேகமான பேச்சு. லேபிளைப் படித்தார்.

"புரோபெனோபாஸ். ஆர்கனோபாஸ்பரஸ் வகை. நல்லவேளை கொண்டு வந்தீங்க, இதுக்கு முறிமருந்து இருக்கு. சிஸ்டர், சட்டையை வெட்டுங்க! துணி மேல இருக்கிற வரைக்கும் விஷம் தோல் வழியா உள்ள போய்க்கிட்டேதான் இருக்கும்."

நர்ஸ் கத்தரியால் சட்டையை வெட்டி எறிந்தார். சோப்புப் போட்டுத் தலையிலிருந்து கால்வரை கழுவினார்கள். திரும்பவும் கழுவினார்கள். ஊசி மேல் ஊசியாக மருந்து ஏறியது. ராத்திரி கழிந்து விடிந்தபோது முத்துசெல்வம் கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றான். சுதாராணி அழுதுகொண்டே சிரித்தாள்.

விஷம் சம்பந்தப்பட்ட கேஸ் என்றால் போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போவது நடைமுறை. வந்தார்கள், கேட்டார்கள், போனார்கள். அது போதாதா? ஆஸ்பத்திரியில் எழுதிய மை காய்வதற்குள் ஊரில் பேச்சு முளைத்துவிட்டது. 'முத்துசெல்வம் மருந்தைக் குடிச்சிட்டானாம். புதுப்பொண்டாட்டிக்கும் அவனுக்கும் ஆகலையாம்லா.' கடம்பூரிலிருந்து சுதாராணியின் அம்மா போனில் அழுதாள். மாமியார் பாலம்மாள் மருமகளைப் பார்க்கிற பார்வையில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அது சுதாராணிக்கு முள்ளாகக் குத்தியது.

தங்கச்சாமிக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு காரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"பய நல்லாத்தான இருக்கான்? இட்லி திங்கான், பேசுதான். இவனைக் கார்ல முன்சீட்டுல உக்கார வச்சு, நடுத்தெரு வழியா ஒரு சுத்துக் கூட்டிட்டுப் போனாத்தான் ஒவ்வொருத்தன் வாயும் அடையும். எங்க பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்னு கையெழுத்துப் போட்டுருதேன்."

டாக்டர் காளீஸ்வரி ஒத்துக்கொள்ளவில்லை. "ஐயா, இந்த விஷம் முன்வாசல் வழியா வெளியே போயிட்டு, பின்வாசல் வழியாத் திரும்பி வரும். எல்லாருக்கும் வராது. ஆனா வந்தா ரெண்டாம் நாள், மூணாம் நாள், நாலாம் நாள்ல வரும். மொதல்ல கழுத்தைப் பிடிக்கும், அப்புறம் மூச்சை" என்றவர், சுதாராணி பக்கம் திரும்பினார். "தலையணையில இருந்து தலையைத் தூக்க முடியலன்னா எந்த நேரமா இருந்தாலும் என்னைக் கூப்பிடுங்க." சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார். தங்கச்சாமி முனங்கிக்கொண்டே கையெழுத்துப் போடுகிற இடத்தைத் தேடிப் போனார்.

பார்க்க வந்த ராஜபாண்டி டீ வாங்கி வந்திருந்தான். முத்துசெல்வம் கட்டிலில் உட்கார்ந்து ஒரு கையில் டீயைப் பிடித்து, மறுகையை முகவாய்க்கட்டைக்கு முட்டுக்கொடுத்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னல, போட்டோவுக்குப் போஸ் கொடுக்க?" என்று ராஜபாண்டி கேலி பண்ணினான்.

சுதாராணி சிரிக்கவில்லை. கட்டிலருகே வந்தாள். "என்னங்க, அந்தக் கையை எடுங்க" என்றாள்.

எடுத்தான். தலை முன்னால் சரிந்து முகவாய் நெஞ்சில் முட்டியது. கையைக் கொடுத்து மறுபடி நிமிர்த்திக்கொண்டான்.

"படுங்க. இப்போ தலையை மட்டும் தூக்குங்க."

படுத்துக்கொண்டு தூக்கிப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது, பல்லைக் கடித்தான். தலை தலையணையை விட்டு ஒரு நூல் எழும்பவில்லை. "என்ன சுதா இது, மண்டைக்குள்ள ஈயத்தை ஊத்துன மாதிரி..." என்றவனின் குரலே மூக்கில் வந்தது.

காகிதத்தோடு உள்ளே வந்த தங்கச்சாமி, "படுத்தே கெடந்தா கழுத்துப் பிடிக்கத்தான் செய்யும். சுளுக்கு. ஊர்ல போய்த் தடவி விட்டாச் சரியாப்போயிரும். எந்திரில, கார் நிக்கி" என்றார்.

சுதாராணி வார்டு வாசலில் போய் நின்றுகொண்டாள். மாமனாருக்கு எதிரே நின்று அவள் குரல் உயர்த்திப் பேசியது அதுதான் முதல்தரம்.

"மாமா, என்னை என்ன வேணும்னாலும் பேசுங்க. இவிய தலை தலையணையை விட்டு எந்திரிக்காம இந்த வாசலைத் தாண்டக்கூடாது."

"ஊரு என்ன பேசும்னு தெரியுமா உனக்கு? உன்னையச் சேத்துத்தான் பேசுதாவ!"

"ஊரு பேசட்டும் மாமா. இவிய மூச்சு விடணும்!"

சொல்லிவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். டாக்டர் காளீஸ்வரி பாதி ஓட்டமாக வந்தார். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார். முத்துசெல்வத்தால் ஏழுக்கு மேல் போக முடியவில்லை. டாக்டர் தங்கச்சாமியின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், பிறகு சுதாராணியைப் பார்த்தார். "சரியான நேரத்துல கூப்பிட்டீங்க. வழியில கார்ல ஆகியிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார். தங்கச்சாமி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

தொண்டைக்குள் குழாயைச் செருகினார்கள். மெஷினில் ரொம்ப நாள் வைக்கவேண்டி வரும், திருநெல்வேலிக்குப் போகவேண்டும் என்றார்கள். சாயங்காலம் கிளம்பிய ஆம்புலன்சில் கார்த்திகேசன் என்ற டெக்னீசியன், குழாயில் மாட்டிய ரப்பர்ப் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தார். சுதாராணி பக்கத்தில். தங்கச்சாமி டிரைவர் பக்கத்தில். ராஜபாண்டி பைக்கில் பின்னால்.

இடைசெவல் தாண்டியதும் வண்டி நின்றது. முன்னால் ஒரு டேங்கர் லாரி குறுக்கே கவிழ்ந்து, கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு வண்டி வரிசை. சைரனுக்கு வழிவிட யாருக்கும் இடமில்லை.

ராஜபாண்டி ஜன்னலைத் தட்டினான். "அண்ணாச்சி, இந்தக் கிளைரோட்டுல இறங்குங்க. எங்க ஊருக்குள்ள போய், கயத்தாறுக்கு முன்னால மறுபடி ஏறிரலாம். நான் முன்னால போறேன்!"

தார்ரோடுதான். ஊரைத் தாண்டி ஓடைப்பாலம் மட்டும் புதுசாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் தற்காலிகமாகப் போட்ட மண்பாதை. முந்தின நாள் பெய்த மழையில் ஊறிக் கிடந்தது கரிசல். காய்ந்தால் கல்லு, நனைந்தால் பசை. ஆம்புலன்ஸ் பாதி தூரம் போனதும் பின்சக்கரம் சுழன்றது, சேறு தெறித்தது, அச்சு வரைக்கும் இறங்கி, வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது.

சாய்ந்த வேகத்தில் ஆக்சிஜன் சிலிண்டரின் இணைப்பு கழன்றது. கார்த்திகேசன் ரப்பர்ப் பையைச் சுதாராணி கையில் திணித்தார்.

"அம்மா, அமுக்குங்க... விடுங்க. நெஞ்சு எழும்புதான்னு பாருங்க. எழும்பினா நல்லாப் பண்ணுதீங்கன்னு அர்த்தம்."

அவள் அமுக்கினாள். புருசனின் நெஞ்சு எழுந்தது. விட்டாள், தணிந்தது. உலகத்தில் அந்த நெஞ்சைத் தவிர வேறு எதுவும் அவள் கண்ணில் படவில்லை. 'எழும்பு சாமி, எழும்பு சாமி' என்று வாய் தன்போக்கில் முணுமுணுத்தது.

வெளியே ராஜபாண்டி போட்ட விசில் பொட்டல் வரைக்கும் கேட்டது. மட்டையைப் போட்டுவிட்டு டீம் முழுக்க ஓடி வந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். சக்கரம் வழுக்கி இன்னும் கீழே போனது. "அடியில ஏதாவது போடணும்லே! தட்டையோ, ஓலையோ!" என்று ராஜபாண்டி கத்தினான்.

சுற்றிலும் பார்த்தார்கள். பாதையை ஒட்டி நெஞ்சளவுக்குப் பச்சைப்பசேலென்று மக்காச்சோளம் நின்றது. தங்கச்சாமியின் காடு. ஒருவரும் கை வைக்கவில்லை. வளர்ந்த பயிரில் அவர்கள் எப்படிக் கை வைப்பார்கள்?

தங்கச்சாமி முன்கதவைத் திறந்து சேற்றில் குதித்தார். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு முதல் செடியை வேரோடு பிடுங்கினார். "என்னலே பாத்துக்கிட்டு நிக்கீங்க? பிடுங்குங்கலே! என் புள்ளையைவிட இது பெருசா? கையில துணியைச் சுத்திக்கோங்க, மருந்தடிச்ச பயிரு!" சொல்லும்போதே அவர் கை நிற்கவில்லை.

அப்புறம் கேட்கவேண்டுமா? கோணியையும் துண்டையும் கையில் சுற்றிக்கொண்டு பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் பச்சைப் பயிர் மெத்தையாக விழுந்தது. வண்டியின் பின்பக்கத்தை அத்தனை பேரும் பிடித்து, "ஏலேலே, தூக்கு!" என்று ஒரே மூச்சாகத் தூக்கினார்கள். டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதித்தார். சோளத்தட்டை நொறுங்க, சேறு வாரியடிக்க, வண்டி ஓர் உறுமலோடு மேலே ஏறித் தார்ரோட்டைத் தொட்டது. எழுந்த ஆரவாரம் ஊருக்குள் கேட்டதாம். தலையிலிருந்து கால்வரை சேறாக நின்றவர்கள் வண்டி நாலுவழிச்சாலையில் ஏறுகிற வரைக்கும் பக்கத்திலேயே ஓடி வந்தார்கள். சுதாராணி எதையும் பார்க்கவில்லை. அமுக்கினாள், விட்டாள். கார்த்திகேசன் சிலிண்டரை மாட்டி முடித்துக் கையை நீட்டியபோதுதான் நிமிர்ந்தாள். "எனக்கே வேலையில்லாமப் பண்ணிட்டீங்களே அம்மா" என்றார் அவர்.

திருநெல்வேலியில் மெஷின் மூச்சு விட்டது. முத்துசெல்வத்துக்கு நினைவு தெளிவாக இருந்தது என்பதுதான் கொடுமை. இமை தூக்க முடியாது, விரல் அசையாது, காது மட்டும் கேட்கும். டாக்டர்கள் அதைச் சொன்ன நாளிலிருந்து சுதாராணி அவன் காதருகே பேசிக்கொண்டே இருந்தாள். ஊரில் மழை பெய்தது, பசு கன்று போட்டது, அத்தை சாப்பாடு கொடுத்துவிட்டது எல்லாம் சொன்னாள். பேச்சு தீர்ந்துபோனால் ராஜபாண்டியைக் கூப்பிடுவாள். அவன் டீமில் நடக்கிற சண்டையை எல்லாம் ஒப்பிப்பான். "நீ இல்லாம சங்கரபாண்டியை கோல்ல நிப்பாட்டினோம்ல. மூணு கோல் வாங்கிட்டு, சூரியன் கண்ணுல அடிச்சுதுங்கான். பொழுதே அடைஞ்சுபோச்சு, சூரியன் எங்க இருந்து வந்துது?" சிரிக்க முடியாத சேக்காளியின் கண்ணோரத்தில் ஈரம் கசிவதை இருவரும் பார்த்தார்கள்.

பாலம்மாள் ஒருநாள் மருமகளின் தலையை வாரிப் பின்னிவிட்டாள். பின்னி முடித்து, "தாயி, என் வயித்துல பால வார்த்த" என்றாள். பார்வையில் இருந்த கேள்வி போயிருந்தது.

முதலில் கட்டைவிரல் அசைந்தது. அப்புறம் இமை. மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அவன் நெஞ்சு தானாக எழுந்தது. மார்கழி பிறந்த பிறகு ஒரு காலை, நர்ஸ், "எங்கே, தலையைத் தூக்குங்க பார்ப்போம்" என்றார். கட்டிலைச் சுற்றி எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். முத்துசெல்வத்தின் நெற்றி சுருங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. தலை ஒரு நூல் எழுந்தது. இரண்டு விரற்கடை எழுந்தது. அப்படியே நின்றது! தலையணையில் அவன் தலை கிடந்த குழி மட்டும் தனியாகத் தெரிந்தது.

தங்கச்சாமி வராந்தாவுக்கு ஓடிப்போய், முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம், "என் மகன் தலையைத் தூக்கிட்டான்யா!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குழாயை எடுத்த அன்று முத்துசெல்வம் கரகரத்த குரலில் பேசிய முதல் வார்த்தை, "சுதா" இல்லை, "அம்மா" இல்லை. "டீ" என்றான். அதற்காக அவள் அவனை இன்றுவரைக்கும் கேலி பண்ணாமல் விடவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் கோவில்பட்டியில் இறங்கி டாக்டர் காளீஸ்வரியைப் பார்த்தார்கள். சுதாராணியின் அம்மா கடம்பூர்ப் போளி ஒரு கூடை கொடுத்துவிட்டிருந்தாள். டாக்டர் அவனை உட்கார வைத்து, நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். தலை அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினார். "என்னால முடியலப்பா!" என்று சிரித்துக்கொண்டே போளியை எடுத்துக் கடித்தார்.

ஊர் எல்லையில் கொட்டு முழங்கிக்கொண்டிருந்தது. ஹாக்கி டீம் பைக் வரிசை முன்னால் போக, கார் பின்னால் ஊர்ந்தது. டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர் கருத்தப்பாண்டி காரை நிறுத்தச் சொல்லி, ஊருக்கே சேர்த்து வாய்விட்டுக் கேட்டார். "மாப்பிள்ள, கோவிச்சுக்கிடாத. நீ மருந்தக் குடிச்சிட்டதா ஒரு பேச்சு..."

கொட்டு நின்றது. தங்கச்சாமியின் முகம் கறுத்தது. முத்துசெல்வம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"குடிக்கல மாமா. குளிச்சேன். எங்க ஐயா அளவு பாக்காம ஊத்தச் சொன்னாவ, நானும் அளவு பாக்காமக் குளிச்சிட்டேன்!"

முதலில் சிரித்தது தங்கச்சாமிதான். தெருவே சேர்ந்து சிரித்தது. அந்தச் சிரிப்போடு புதுப்பொண்ணைப் பற்றிய பேச்சும் காற்றில் போயிற்று.

புழு தின்றது போக, சக்கரத்துக்குப் போட்டது போக, அந்த வருசம் வீட்டுக்கு வந்த சோளம் கொஞ்சம்தான். தங்கச்சாமி அடுத்து என்ன விதைப்பது, புழுவுக்கு என்ன செய்வது என்று வேளாண்மை ஆபீசரிடம் கேட்கப் போனபோது, "நீயும் வா தாயி" என்று மருமகளைக் கூட்டிக்கொண்டு போனார். திரும்புகையில் மருந்துக்கடைக்காரர் எடுத்து நீட்டிய பாட்டிலின் லேபிளை அவள் படித்துப் பார்த்து, வேண்டாம் என்றாள். தங்கச்சாமி அதை அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

சித்திரையில் கோயில் பொங்கலுக்குப் பொட்டலில் டூர்னமென்ட். பக்கத்து ஊர் டீம் அடித்த பந்து தரையை உரசிக்கொண்டு மூலையைப் பார்த்துச் சீறியது. முத்துசெல்வம் படுத்துத் தடுத்தான். எழுந்தான், திரும்ப வந்த பந்தையும் தடுத்தான். கூட்டம் குதித்தது. பொம்பளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த சுதாராணி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்று, கடம்பூர் வரைக்கும் கேட்கிற மாதிரி, இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள்.